இசக்கி குற்றாலம் போன வழி

அந்தப் புள்ளி தென்காசியிலிருந்து குற்றாலம் போய்ச் சேர ஒரு வினாடிகூட ஆகவில்லை.

சுரண்டையில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில், மதிய இடைவேளையின்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் ஓரத்தில் நாலைந்து பெயர்கள் பளிச்சென்று தோன்றின. கடைசியில் வெள்ளையாக ஏதோ சிதறி, அடியில் ஒரு வரி வந்து நின்றது. அதோடு முடிந்துவிட்டது. வெளியே தட்டுக் கழுவும் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கையில் எடுத்த சோற்றை நான் இன்னும் வாயில் வைக்கவில்லை.

என் தம்பி இசக்கிமுத்து இதைச் செய்து முடிக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டான். அவன் இறந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

சான்றிதழ்ப் பையில் இருந்தது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. தென்காசியில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அம்மாவுக்கு எண்பது ஆகிறது.

ஓய்வூதியத் தாள்களுக்காகப் பழைய சான்றிதழ்களைத் தேடியபோதுதான் அது கிடைத்தது. முதல் அரசு வேலை உத்தரவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் கறுப்பாகச் சதுரமாக, பழைய கணினிகளில் செருகும் ஒரு ஃப்ளாப்பி வட்டு. மேலே ஒட்டிய தாளில் பென்சிலால் 'நடை' என்று எழுதியிருந்தது. இசக்கியின் கையெழுத்து. எழுத்துகள் வலப்பக்கம் சரிந்து, 'டை'யின் சுழி முடியாமல் நின்றிருந்தது.

வாசுதேவநல்லூரில் எனக்கு முதல் அரசு வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று அவன் கொடுத்தது. "நேரம் இருக்கும்போது பாருக்கா" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பரபரப்பில் வாங்கிப் பையில் செருகினேன். அதன் பிறகு எத்தனையோ முறை அந்தப் பையைத் திறந்திருக்கிறேன். அது என் விரலில் தட்டுப்பட்டிருக்கத்தான் வேண்டும்.

அவனுக்கு வந்தது

இசக்கி எனக்கு எட்டு வயது இளையவன். ஐந்து வயதுவரை தெருவில் மற்றவர்களோடு ஓடினான். பிறகு குதிகால் தரையில் படாமல் நடக்க ஆரம்பித்தான். கீழே உட்கார்ந்தால், தன் முழங்காலிலும் தொடையிலும் கைகளை மாற்றி மாற்றி ஊன்றி, தன் மேலேயே ஏறுவதுபோலத்தான் எழுந்திருப்பான்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அவனை அப்படி எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறை செய்யச் சொல்லவில்லை. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும் நோய், தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா "தாய் வழியா" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

பதினொரு வயதில் நடை நின்றது. பன்னிரண்டில் பள்ளிக்கூடமும் நின்றது. நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா போய்ச் சேர்ந்தார். இசக்கியைத் தூக்குவதும் இறக்குவதும் குளிப்பாட்டுவதும் அம்மாவின் வேலையாயிற்று.

சாரல் விழுந்தால் எங்கள் ஊர் முழுவதும் வெளியூர்க்காரர்களால் நிறைந்துவிடும். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாகக் கடைத்தெருவில் அலைவார்கள். தென்காசி என்றால் தினமும் அருவியில் குளிப்பீர்களா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நினைவு தெரிந்து இசக்கி அங்கே போனதில்லை. கூட்டத்துக்குள், வழுக்குப் பாறையில், அவனை யார் தூக்கிக்கொண்டு போவது? அடுத்த சீசன், அடுத்த சீசன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவனுக்கு விரல்கள் மட்டும் கடைசிவரை சொன்னபடி கேட்டன. பக்கத்துத் தெரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது, அதை நடத்தியவர் தன் கணினியை இசக்கிக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். 486 என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். சுட்டிக்கு அதில் வேலையே கிடையாது, எதையும் தட்டச்சுச் செய்துதான் கேட்க வேண்டும். நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த ஒரே ஒரு புத்தகத்தை வைத்து, பேசிக் மொழியில் நிரல் எழுத அவனே படித்துக்கொண்டான்.

நான் சொன்ன சொல்

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சம்பந்தம் நன்றாகக் கூடி வந்தது. பெண் பார்க்க வருகிற அன்று இசக்கி வீட்டில் இருக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவன் அம்மாவிடம், "பக்கத்து வீட்ல இருக்கேம்மா, கூட்டிட்டுப் போய் விடு" என்றான்.

அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

சேதி வந்த அன்று அடுக்களையில் நின்று அம்மாவிடம் சொன்னேன்: "இவன் இருக்க வரைக்கும் எனக்கு ஒண்ணும் நடக்கப் போறதில்ல."

அடுத்த அறையில் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். வெகுநேரம் கழித்து ஒரு விசை தட்டும் சத்தம், பிறகு இன்னொன்று.

அதன் பிறகு வந்த இரண்டு இடங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டன. அப்புறம் கேட்க யாரும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து இசக்கி என்னைக் கூப்பிட்டு ஒன்று காட்டினான். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "என்னலே இது?" என்றேன். "குற்றாலத்துக்கு நடக்கேன்க்கா" என்றான். இரண்டு நிமிடம் பார்த்தேன். புள்ளி அரை அங்குலம்கூட நகரவில்லை. அப்போது உள்ளூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன்; மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. "இது எப்பப் போய்ச் சேருது, பொறவு பாக்கேன்" என்று நானே கையை நீட்டி நிறுத்தும் விசையை அழுத்தினேன்.

"சரிக்கா" என்றான்.

நான் வாசுதேவநல்லூர் போன அந்த வருடம் ஐப்பசி மழையில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்பக்கூட வலு இல்லை. நான் வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அவனுக்கு இருபத்து மூன்று வயது.

எந்த வேகம் அவனுடையது

ஃப்ளாப்பியைத் தென்காசியில் பீர் பாயிடம்தான் கொண்டுபோனேன். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கணினி பழுது பார்த்துவிட்டு வந்து இங்கே கடை வைத்திருப்பவர். அதற்கு முன்பு ஊரில் பாதிக் கணினிகளை உதிரிகளிலிருந்து பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான். வட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. தகட்டை நகர்த்தி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, சுற்றிச் சுற்றித் துடைத்தார். நான்காவது முயற்சியில் அதிலிருந்த ஒரே ஒரு கோப்பு வந்தது.

அந்த நிரலைத்தான் பள்ளியில் இன்றைய கணினியில் ஓட்டினேன். கண்ணிமைப்பதற்குள் முடிந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. புள்ளி ஒவ்வோர் அடி வைத்ததும், கணினி ஒன்றிலிருந்து சில ஆயிரம்வரை எண்ணிவிட்டு அடுத்த அடி வைக்கும்படி அவன் எழுதியிருந்தான். அவனுடைய கணினிக்கு அவ்வளவையும் எண்ண நேரம் பிடிக்கும். இப்போதைய கணினிக்கு அது ஒன்றுமே இல்லை.

பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதிலும் போட்டுப் பார்த்தேன். வேகத்தை நாம் விருப்பம்போல் வைக்கலாம். ஒரு வேகத்தில் புள்ளி இருபது நிமிடத்தில் குற்றாலம் போனது, இன்னொன்றில் மூன்று மணி நேரம் ஆனது. எது அவன் நடந்த வேகம்?

நிரலின் முதல் வரியில், ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான்: '486, அறுபத்தாறு. டர்போ ஆன்ல இருக்கணும். வேற மெஷின்ல ஓட்டாதீங்க.' அறுபத்தாறு என்பது அந்தச் சிப்பின் வேகம்; டர்போ, அதை முழு வேகத்தில் ஓட வைக்கும் பொத்தான். அதற்குப் பிறகு கடைசி வரிவரை தேடினேன். எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை.

பீர் பாயிடம் போய், எனக்கு ஒரு 486 வேண்டும் என்றேன்.

"செல்போன்லயே ஓட்டலாமே டீச்சர் இதெல்லாம் இப்ப. எதுக்கு அந்தப் பொட்டி?"

சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியை வைத்தார்.

"காலேஜ் வாசல் பக்கம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் வச்சிருந்த தம்பியா? கதவோரமா உக்காந்திருப்பான். மானிட்டர் சரி பண்ண வந்திருக்கேன். என்னைய விட நல்லா தெரியும் அவனுக்கு." கொஞ்சம் பொறுத்து, "அப்ப அதே சிப்புதான் வேணும். தேடுவோம்" என்றார்.

எலுமிச்சம்பழச் சாறு

புளியறையில் கேரளாவுக்குப் போகும் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை ஒன்றில், மற்ற இடங்களிலெல்லாம் மறைந்து வெகு காலத்துக்குப் பிறகும் ஒரு 486 ஓடிக்கொண்டிருந்ததாம். அதை மாற்றிப் பின்னறையில் போட்டிருந்தார்கள். பீர் பாய் அதை ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். திறந்ததும் உள்ளேயிருந்து சிமெண்டுத் தூசியும் பல்லி முட்டையும் கொட்டின.

அந்தக் காலத்து மதர்போர்டுகளில், கடிகாரம் ஓடுவதற்காகச் சின்னப் பீப்பாய் போல ஒரு பேட்டரியை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. பீர் பாய் அதை வெட்டி எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார்.

"வெளையாடுதீங்களா பாய்?"

"நெசமாத்தான் டீச்சர். இந்தப் பச்சைக்கு அதுதான் கேக்கும்."

சாறு பட்டதும் பச்சை நுரைத்துக் கிளம்பியது. பல் துலக்கும் பிரஷால் நான்தான் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, அடியில் இரண்டு செம்புக் கோடுகள் அரிக்கப்பட்டு அறுந்திருப்பது தெரிந்தது. தலைமயிர் போன்ற கம்பியை அவற்றின் மேல் வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும். பாய்க்குக் கண் பார்வை மங்கிவிட்டது. எனக்கு அது பழக்கமில்லாத வேலை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு முறை தவறவிட்டு, ஐந்தாவதில் ஒட்டினேன். போர்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு கருகல் இன்னும் இருக்கிறது.

சிப்பு வேறாக இருந்தது, முப்பத்து மூன்று. அறுபத்தாறுக்கு ஆவணி வரை காத்திருந்தோம். பாயின் பரணில், பழைய டப்பா ஒன்றில், கால்கள் வளைந்த ஒன்று கிடைத்தது. ஊசி முனையால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினேன். நூற்று அறுபத்தெட்டுக் கால்கள். பிள்ளைகளின் விடைத்தாளைக்கூட அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை.

ஹார்டு டிஸ்க் எங்கும் உயிரோடு கிடைக்கவில்லை. அதற்குப் பதில் கேமராவுக்குப் போடும் மெமரி கார்டு ஒன்றை மாட்டி, டாஸ் என்ற அந்தக் காலத்து இயக்க மென்பொருளை மூன்று ஃப்ளாப்பிகளிலிருந்து ஏற்றினோம். மழை நசநசப்பில் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. புரட்டாசி முதல் வாரம் முகப்பில் டர்போ விளக்கு எரிய, '66' என்ற எண் நின்று காட்டியது.

"ஏறிட்டு டீச்சர்" என்றார் பாய். "ஓட்டிப் பாக்கீங்களா?"

"வீட்ல வச்சு ஓட்டுதேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வயர்களைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

அதுவரை அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆட்டோவில் வந்த கனத்த மானிட்டரைப் பார்த்ததும், "என்னட்டீ, ஊரே கழிச்சுப் போட்ட சாமான வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்க?" என்றாள்.

"இசக்கி செஞ்சது ஒண்ணு இருக்கும்மா. அத இதுலதான் பாக்க முடியும்."

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

ஓட்டினேன். மணி பத்து இருபது. திரையின் வலது ஓரத்தில் ஒரு சதுரம், வீடு. அதிலிருந்து வெள்ளைப் புள்ளி வெளியே வந்தது. ஓர் அடி. ஒரு நிறுத்தம். இன்னோர் அடி.

கோயிலைத் தாண்டியது.

"இந்தா, யானைப் பாலத்துல ஏறப் போறான்" என்றாள் அம்மா.

சில வினாடிகள் கழித்து, புள்ளியின் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'யானைப் பாலம்' என்று தோன்றியது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நடந்தவளுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் சொன்னாள். எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று இசக்கி கேட்டிருக்கிறான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நான் பள்ளிக்கூடம் போன பிறகு, அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்திருக்கிறாள்.

"தனியாவா?"

"பின்ன? ஒரு தடவ நன்னகரத்துல மணி பாக்க மறந்துட்டேன். திரும்பப் போய்ட்டு வான்னுட்டான். மொத்தம் மூணு தடவ நடந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"நீ அப்ப எங்க பேசுற நெலமைல இருந்த."

மேலகரம் தாண்டியது. ஓரிடத்தில் புள்ளி நின்றுவிட்டது. கணினிதான் செத்துவிட்டதோ என்று நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இரி. அங்கன எனக்குச் செருப்பு வாரு அந்துட்டு. ஊக்கு குத்திட்டுப் பொறவு நடந்தேன். நாலு நிமிசம் ஆச்சுன்னு சொன்னேன். அதையும் போட்டு வச்சிருக்கான்."

நாலு நிமிடம். புள்ளி மறுபடி நடந்தது.

"இத நீ முன்னாலயே பாத்திருக்கியாம்மா?"

"எத்தனையோ தடவ. அவன் கூட உக்காந்து பாக்க வேற யாரு இருந்தா?" குறையாக அவள் சொல்லவில்லை. கண் திரையிலேயே இருந்தது. "அந்தப் பொட்டி கெட்டுப் போனதும் எல்லாம் போயிட்டுன்னு இருந்தேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. காசிமேஜர்புரம் என்று வந்தபோது கேட்டேன்.

"அன்னைக்கு அடுக்களைல நான் சொன்னது அவன் காதுல விழுந்துதாம்மா?"

"விழுந்துது."

"ஏதாவது சொன்னானா?"

அம்மா யோசித்தாள். எனக்காக எதையாவது மாற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் சாப்பிடல" என்றாள். பிறகு, "மூணாம் நாளு சாப்பிட்டான்" என்றாள்.

இத்தனை வருடமும் அவனுக்குக் கேட்டிருக்காது என்று மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இல்லாமல் உட்கார்ந்திருக்கப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா என் முதுகில் கை வைக்கவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் புள்ளி அருவிக்குப் போய்ச் சேர்ந்தது. மேலிருந்து வெள்ளைக் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. புள்ளி அதற்கடியில் போய் நின்றது.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி இருபது நிமிசம். சரியாத்தான் வந்திருக்கான்."

திரையின் அடியில் ஒரு வரி வந்தது.

"என்ன கேக்கான்?" என்றாள் அம்மா.

"வீட்டுக்குப் போகலாமான்னு கேக்கான். ஆமான்னா ஒரு பட்டன், இல்லன்னா ஒரு பட்டன்."

"கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நின்றான். கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. பழைய மின்விசிறி உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"போதும்ட்டீ" என்றாள் அம்மா. "வரச் சொல்லு. சளி புடிச்சிரும்."

அழுத்தினேன். புள்ளி திரும்பி, வந்த வழியே ஓர் அடி வைத்தது.

"நான் திரும்பும்போது பஸ்ல வந்துருவேன்" என்றாள் அம்மா. "இவன் நடந்தே வாரான் பாரு."

உலை வைக்கவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அவன் வீடு வந்து சேரும்போது மணி ஒன்றேகால். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.